பார்ட் மேத்யூஸுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது யூடியூபில் ஒரு பழைய அமெரிக்கத் தொடர் கண்ணில் பட்டது. பெயர் ‘தி பப்ளிக் டிஃபெண்டர்’. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1954 மார்ச்சில் தொடங்கி 1955 ஜூனில் முடிந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை, அத்தியாயத்துக்கு அரை மணி நேரம். ரீட் ஹேட்லி என்ற உயரமான நடிகர், கனத்த குரலில், பார்ட் மேத்யூஸ் என்ற வழக்கறிஞராக வருகிறார். கையில் காசில்லாத ஒருவர் மேல் போலீஸ் வழக்குப் போடும். மேத்யூஸ் சிறைக்குப் போய் அவரைப் பார்ப்பார், பேச விட்டுக் கேட்பார், பிறகு அலைந்து உண்மையைக் கண்டுபிடிப்பார். ஆள் நிரபராதி என்று தெரியவரும். முடிந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும், ஏழைகளுக்காக வழக்காடிய நிஜ வழக்கறிஞர் ஒருவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறார்கள்.

சுமாரான தொடர்தான். பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும். ஆனால் ஒரு விஷயம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. மேத்யூஸ் ஏழைகள் மேல் இரக்கப்பட்டுக் காசு வாங்காமல் வாதாடும் பெரிய மனிதர் இல்லை. அவர் மாதச் சம்பளக்காரர். அவருக்கென்று ஓர் அரசு அலுவலகம், மேசை, கோப்பு, தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. நம் ஊர் நீதிமன்றத்தில் பி.பி. என்று சொல்கிறோமே, பப்ளிக் பிராசிகியூட்டர், அவருக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் அரசு வக்கீல் இவர். ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க அரசு சம்பளம் கொடுத்து ஒரு வக்கீலை வைக்கிறது. அவரைக் காப்பாற்றவும் அதே அரசு, அதே போலச் சம்பளம் கொடுத்து இன்னொரு வக்கீலை வைக்கிறது.

இதை நான் ஆச்சரியத்தோடு பார்த்ததற்குக் காரணம் என் மாமா.

சில வருடங்களுக்கு முன் மாமா ஒரு மாவட்டத் தலைநகரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலை நடந்த கட்டடத்தில் ஒயர் சுருள்கள் காணாமல் போயின. அங்கே இருபது பேர் வேலை செய்தார்கள். போலீஸ் எங்கள் காலனியிலிருந்து போன மூன்று பேரை மட்டும் கூட்டிப் போனது. ரிமாண்ட். ஜாமீன் போடப் பணமில்லை, போட்டாலும் ஜாமீன்தாரராக நிற்கச் சொத்துள்ள ஆள் கிடைக்கவில்லை. சப்ஜெயிலில் 52 நாள். அம்மா வாராவாரம் மனுப் போட்டு அவரைப் பார்த்துவிட்டு வருவார். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்தார். அவர் மாமாவிடம் பேசியது கோர்ட் வராந்தாவில், சுமார் இரண்டு நிமிடம். பெயர் கேட்டார். ‘ஒத்துக்கோப்பா, உள்ள இருந்த நாளோட விட்டுடுவாங்க’ என்றார். மாமா ஒத்துக்கொண்டார், அன்று சாயங்காலமே வெளியே வந்தார். அதன்பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எது திருடு போனாலும் போலீஸ் வண்டி முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது.

இதைப் படிக்கும்போதே உங்கள் மனதில் ஒரு கேள்வி ஓடியிருக்கும். அவர் எடுத்தாரா, இல்லையா? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், பல நாள் இருந்தது. அந்தக் கேள்வியை நமக்குள் ஊட்டி வளர்ப்பதில் இந்த மாதிரித் தொடர்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

தொடர் ஓடிய காலத்தில் அமெரிக்கா எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். மேத்யூஸ் மாதிரி அலுவலகங்கள் அப்போது சில ஊர்களில்தான் இருந்தன. முதலாவது, 1914இல் லாஸ் ஏஞ்சலஸில் திறக்கப்பட்டது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் கிளாரா ஃபோல்ட்ஸ் என்ற பெண். ஐந்து குழந்தைகளைத் தனியாக வளர்த்தவர். கலிஃபோர்னியாவில் ‘வெள்ளை ஆண்’ மட்டுமே வழக்கறிஞர் ஆகலாம் என்று சட்டம் இருந்தது. அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு ‘நபர்’ என்று போடச் சொல்லும் மசோதாவை எழுதி, போராடி நிறைவேற்றி, 1878இல் அந்த மாநிலத்தின் முதல் பெண் வழக்கறிஞர் ஆனார். குற்றஞ்சாட்ட அரசு ஆள் வைத்திருக்கும்போது எதிர்வாதம் செய்யவும் அரசு ஆள் வைக்கவேண்டும் என்று 1893இல் சிகாகோவில் பேசினார். தொடரில் நான் பார்த்தவரை அவர் பெயர் எங்கும் வரவில்லை.

நாட்டின் மற்ற பகுதிகளில் நிலைமை வேறு. மேரிலாந்து மாநிலத்தில் பெட்ஸ் என்ற விவசாயக் கூலி மேல் கொள்ளை வழக்கு. எனக்கு வக்கீல் வைக்கக் காசில்லை, நீங்களே ஒருவரைத் தாருங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். கொலை, பாலியல் வன்முறை வழக்கு என்றால்தான் இந்த மாவட்டத்தில் தருவோம் என்று பதில் வந்தது. எட்டு ஆண்டுத் தண்டனை. உச்சநீதிமன்றம் வரை போனது. ஏழைக்கு வக்கீல் தரவேண்டிய கட்டாயம் மாநிலங்களுக்குப் பொதுவாகக் கிடையாது என்று 1942இல் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஹியூகோ பிளாக் என்ற நீதிபதி மறுத்து எழுதினார். மேத்யூஸ் திரையில் வந்துகொண்டிருந்த 1954இல் பெட்ஸ் தீர்ப்புதான் நடைமுறையில் இருந்தது. அதாவது, ஒவ்வொரு வாரமும் டிவியில் ஏழைக்கு நியாயம் கிடைத்துக்கொண்டிருந்தபோது, அதே நாட்டின் பல நீதிமன்றங்களில் ஏழைகள் தனியாக எழுந்து நின்று, தெரியாத சட்டத்தைப் பேசித் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. நான் பார்த்த அத்தியாயங்களில் மேத்யூஸின் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற பிரௌன் தீர்ப்பு 1954 மே 17 அன்று வந்தது; தொடர் தொடங்கி இரண்டே மாதம். வெளியே நாடே கொதிக்கிறது, திரைக்குள் ‘ஏழை’ என்பவருக்கு நிறமே இல்லை. நம் பழைய தமிழ்ப் படங்களில் குடிசை வரும், கஞ்சி வரும், சாதி மட்டும் வராதே, அந்த மாதிரி.

நிறத்தை எடுத்துவிட்டால் இந்த வரலாறே புரியாது. 1931இல் அலபாமா மாநிலத்தில் சரக்கு ரயிலில் பயணம் செய்த ஒன்பது கறுப்பினப் பையன்கள் மேல் இரண்டு வெள்ளைப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகப் பொய்ப் புகார். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று பெயர். பிடித்துச் சுமார் இரண்டு வாரத்தில் விசாரணை முடிந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அவர்களுக்கும் வக்கீல் இருந்தார்கள். ஒருவர் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த சொத்துப் பத்திர வக்கீல். இன்னொருவர் பல ஆண்டுகளாக வழக்கே நடத்தாத முதியவர். கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த இண்டர்நேஷனல் லேபர் டிஃபென்ஸ் அமைப்பு வழக்கைக் கையில் எடுத்தது. பையன்களில் இருவரின் தாயான ஏடா ரைட், அதுவரை தெற்கைத் தாண்டியிராத ஒரு வீட்டுவேலைக்காரப் பெண், 1932இல் ஐரோப்பா முழுக்கப் போய் மேடைகளில் பேசினார். அந்த ஆண்டின் இறுதியில்தான், மரண தண்டனை வழக்கிலாவது உருப்படியான வக்கீல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ‘பாவெல் எதிர் அலபாமா’ என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும். ஏழை வெள்ளையரான கிளாரன்ஸ் கிடியனுக்குப் பிற்பாடு கிடைத்த உரிமையின் முதல் கல் அது. அதைச் சுமந்து வந்தவர்கள் ஒன்பது கறுப்பினப் பையன்களும் அவர்களுடைய அம்மாக்களும்.

கிடியன் கதை சட்டம் படித்த தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக: 1961இல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் சில்லறைக் காசும் மதுவும் திருடுபோயின. கிடியனைப் பிடித்தார்கள். வக்கீல் கேட்டார், இல்லை என்றார்கள். தானே வாதாடித் தோற்றார். ஐந்து ஆண்டு. சிறையில் உட்கார்ந்து பென்சிலால் உச்சநீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர், 21 ஆண்டுக்கு முன் மறுத்து எழுதிய அதே ஹியூகோ பிளாக்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கப்புறம் வருவது. ஆகஸ்டில் மறுவிசாரணை. அதே ஊர், அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. புதிதாக இருந்தது ஒரு வக்கீல் மட்டும். அவர் பெயர் ஃபிரெட் டர்னர். அந்த ஊர்க்காரர், அந்தச் சாட்சியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். விசாரணைக்கு முன்பே ஊருக்குள் அலைந்து விவரம் சேர்த்திருந்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, இவரே திருடர்களுக்குக் காவல் நின்றிருக்கலாமே என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை என்றது. முதல் தடவை சிறைக்கு அனுப்பிய அதே வழக்குதான் இது.

கிடியனுக்கு முன்பே பலமுறை தண்டனை ஆகியிருந்தது. நம் ஸ்டேஷன் மொழியில் ‘கேடி’. பார்ட் மேத்யூஸின் தொடரில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். தொடருக்கு வேண்டியவர்கள் களங்கமில்லாத ஏழைகள். பார்வையாளர் முதல் ஐந்து நிமிடத்திலேயே ‘ஐயோ பாவம், இவன் செய்திருக்கமாட்டான்’ என்று நம்பவேண்டும், அதன்பிறகுதான் வக்கீலின் உழைப்பு நமக்கு நியாயமாகப் படும். அந்த அரை மணி நேரத்துக்குள் வக்கீல் பெறும் உரிமை ஒரு நல்ல நடத்தைப் பரிசாக மாறிவிடுகிறது.

இதில் உள்ள ஆபத்து விளங்கவேண்டுமானால் ஜார்ஜ் ஸ்டின்னியைப் பார்க்கவேண்டும். தென் கரோலினா, 1944. கறுப்பினச் சிறுவன், 14 வயது. இரண்டு வெள்ளைச் சிறுமிகளைக் கொன்றதாக வழக்கு. அவனுக்கும் வக்கீல் உண்டு, நீதிமன்றமே நியமித்தது. அந்த வக்கீல் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி பத்து நிமிடம் பேசிவிட்டுக் குற்றவாளி என்றது. மேல்முறையீடும் இல்லை. ஜூன் 16 அன்று மின்சார நாற்காலியில் கொன்றார்கள். 70 ஆண்டு கழித்து, 2014 டிசம்பரில், ஒரு நீதிபதி அந்தத் தண்டனையை ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டின்னி நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டதாக அது சொல்லவில்லை. அவனுக்கு முறையான விசாரணையே நடக்கவில்லை, அவனுடைய வக்கீல் வக்கீலாக நடந்துகொள்ளவில்லை, ஆகவே தண்டனை செல்லாது என்று சொன்னது. செய்தானா இல்லையா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே அநியாயம் நடந்து முடிந்திருந்தது.

மாமா விஷயத்தில் எனக்குத் தெளிவு வந்தது இங்கேதான். அவர் எடுத்தாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. இருபது பேரில் மூன்று பேரை மட்டும் ஏன் கூட்டிப் போனாய் என்று போலீஸிடம் கேட்க ஓர் ஆள் கோர்ட்டில் இல்லை. அதைத்தான் நான் கேட்கவேண்டும்.

இந்தத் தொடருக்கு அப்புறம் அமெரிக்கத் தொலைக்காட்சி என்ன செய்தது தெரியுமா? இரண்டு ஆண்டு கழித்து, 1957இல், அதே சிபிஎஸ்ஸில் ‘பெரி மேசன்’ வந்தது. தனி வக்கீல், பெரிய மூளை. கடைசிக் காட்சியில் கோர்ட்டுக்குள் உண்மைக் குற்றவாளி தானே எழுந்து ஒப்புக்கொள்வார். ஒன்பது ஆண்டு ஓடியது. 1961இல் வந்த ‘தி டிஃபெண்டர்ஸ்’ எவ்வளவோ மேல். ‘12 ஆங்ரி மென்’ எழுதிய ரெஜினால்ட் ரோஸ் உருவாக்கியது, மரண தண்டனை, கருக்கலைப்பு என்று அந்தக் காலத்தில் யாரும் தொடாததைத் தொட்டது. ஆனால் அதிலும் அப்பாவும் மகனும் நடத்தும் தனியார் அலுவலகம்தான். சம்பளக்கார மேத்யூஸை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சுவாரசியம் இல்லாதவர் பாவம். ஆனால் அரசியலாகப் பார்த்தால், என் கணக்கில், மூவரில் அவர்தான் முக்கியமானவர். மேசனைப் போல ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம். மேத்யூஸை நீங்கள் அரசிடம் கேட்டு வாங்கலாம், வராவிட்டால் சண்டை போடலாம், பட்ஜெட்டில் அவருக்கு எவ்வளவு ஒதுக்கினாய் என்று கணக்குக் கேட்கலாம்.

அமெரிக்காவில் கேட்டு வாங்கியது என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். கிடியன் தீர்ப்புக்குப் பிறகு ஊர் ஊராக அலுவலகங்கள் திறந்தார்கள். ஆனால் ஒரு வக்கீல் தலையில் நூற்றுக்கணக்கில் கோப்புகள் விழுந்தன. 2012இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே ஒரு தீர்ப்பில் ஒரு கணக்கை எடுத்துக் காட்டியது: தண்டனைகளில் மத்திய நீதிமன்றங்களில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. விசாரணையே இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, எழுந்து நின்று கத்தும் சாட்சி இல்லை. ‘ஒத்துக்கோ, குறைச்சுக் கொடுப்பாங்க’ என்பது அங்கேயும் வராந்தாவில் நடக்கும் பேச்சுதான்.

அந்தப் பென்சில் மனு நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கிடியன் தீர்ப்பை எடுத்துச் சொல்லித்தான், ஏழைக் கைதிக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு என்று எழுதினார். ஹோஸ்கோட் யார் என்கிறீர்கள்? போலிப் பட்டச் சான்றிதழ் தயாரிக்க முயன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். அவருடைய மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நம் எல்லோருக்குமான உரிமை அந்த வழக்கில்தான் எழுதப்பட்டது. மறு ஆண்டே பீகார் சிறைகளில் வழக்கு நடக்காமலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பு வந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். 2022இல் தேசிய ஆணைக்குழு, முழுநேரமும் எதிரித் தரப்புக்கு மட்டுமே வேலை செய்யும் வழக்கறிஞர் அலுவலகங்களை மாவட்டங்களில் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட மேத்யூஸ் மாதிரிதான், ஆனால் ஒப்பந்த வேலை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் தெருவில் யாருக்காவது தெரியுமா? ‘ஜெய்பீம்’ பார்த்து நாம் எல்லோரும் அழுதோம், நானும்தான். அந்தப் படம் வந்த மறு ஆண்டின் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தலித்துகள், பழங்குடிகள், இஸ்லாமியர்கள் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிடக் கூடுதலாக உள்ளே இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரு சூர்யா கிடைக்கப்போவதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் எந்த அறையில் இருக்கிறது, எத்தனை வக்கீல்கள், ஒருவருக்கு எத்தனை வழக்கு, வாரத்தில் எத்தனை முறை சிறைக்குப் போகிறார்கள் என்று தகவல் உரிமை மனு போட நம் இளைஞர்கள் நான்கு பேர் போதும். அலுப்பான வேலை, மீம் போட முடியாது. நான் எங்கள் மாவட்டத்துக்குப் போட்டுவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

காய்ச்சல் விட்டபிறகு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஓர் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சிறையில் மேத்யூஸ் கைதியைப் பார்க்கும் காட்சி வந்தது.

‘மாப்ள, கொஞ்சம் பின்னாடி தள்ளு’ என்றார்.

தள்ளினேன்.

‘உக்காந்து பேசறாரு பாரு’ என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இவருக்கு யாரு காசு குடுக்கறது?’ என்று கேட்டார்.

‘கவர்மெண்டு மாமா.’

‘எனக்கு வந்தாரே, அவருக்கு?’

‘அவருக்கும் கவர்மெண்டுதான்.’

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னார். அது முடிந்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கதையில் அந்த ஆள் விடுதலை ஆனானா என்று கேட்கவில்லை.